எழுத்துக்குப் பக்கத்து வீடு

2012-ல் மதுரையில் குடியிருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டு மறந்திருக்காது. ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. ராத்திரியும் அப்படித்தான். விளாங்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாயை விரித்து, சார்ஜ் லைட்டை நடுவில் வைத்துக்கொண்டு கரண்டுக்காகக் காத்திருப்போம். அந்த நாட்களில்தான் பரண்மேல் கிடந்த ஸ்கிராபிள் பெட்டி கீழே இறங்கியது. எழுத்துச் சில்லுகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் கட்டும் ஆட்டம் அது. தம்பி காலேஜ் படித்தபோது டவுன்ஹால் ரோட்டில் வாங்கியது. அவனும் நானும் ஆடுவோம். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, விசிறியால் கொசுவை ஓட்டிக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் என் கையில் இருந்த ஏழு ஆங்கில எழுத்துகள்: ஏ, ஈ, ஐ, எல், ஆர், வி, நாய் டி. இந்த 'நாய் டி' என்பது எங்கள் வீட்டு வழக்கு. தமிழில் சொன்னால் இரண்டு டி-யும் ஒன்றாகவே கேட்கும், இரண்டு பி-யும் அப்படியே. அதனால் டாக் என்பதன் டி நாய் டி, ட்ரீ என்பதன் டி மர டி. பால் என்பதன் பி பந்து பி, பென் என்பதன் பி பேனா பி. இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன். அன்றைக்கு நான் அந்த வி-யைத் தள்ளிவிடுவதற்காகச் சில்லுகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். எப்படி அடுக்கினாலும் வி கடைசியில் போய் நின்றது. அப்பா எட்டிப் பார்த்தார்.

“அந்த வி அங்கிட்டு நிக்காது தாயி. நிக்கணும்னா பின்னாடி ஒரு ஈ வேணும்.”

அவர் சொன்னபடி ஈ-யைப் பின்னால் கொண்டு வந்ததும் 'டிரைவ்' கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. லவ், கிவ், ஹேவ், லிவ், ஃபைவ், அலைவ், எல்லாமே அந்த ஈ-யோடு முடிகிறவை. ஒலியில் ஈ இல்லை, எழுத்தில் இருக்கிறது. சாதாரண ஆங்கிலச் சொல் எதுவும் வி-யில் முடிய விரும்பாது. பதினேழு வருடம் ஆங்கில வழியில் படித்த எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“முப்பது வருசம் கோத்திருக்கேன்ல.”

அப்பா கம்பாசிட்டர், அச்சடிப்பதற்காக எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கிறவர். மேல ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் பதினாறு வயதில் சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், பில் புக்கு, சித்திரைத் திருவிழா நோட்டீஸ். முக்கால்வாசி தமிழ். மீதிக் கால்வாசி ஆங்கிலம்: விசிட்டிங் கார்டு, லெட்டர் பேடு, ஆங்கில வழிப் பள்ளிகளின் வினாத்தாள். அர்த்தம் தெரியாத ஆங்கிலத்தைத்தான் அவர் வருடக்கணக்கில் கையால் தொட்டுக் கோத்தார். அது எப்படிப்பட்ட படிப்பு என்பதை நான் அந்த மொட்டை மாடியில்தான் புரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

சின்ன வயதில் அவரோடு அச்சகத்துக்குப் போயிருக்கிறேன். சாய்வான மர மேசையில் கேஸ் பெட்டி இருக்கும். எழுத்துக்கொரு கட்டம். கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. ஆங்கிலக் கேஸில் கைக்கு எட்டின நடுவிடத்தில், இருப்பதிலேயே பெரிய கட்டம் ஈ-க்கு. அதைச் சுற்றி ஏ, ஐ, ஓ, என், எஸ், மர டி, ஆர். இசட், எக்ஸ், ஜெ, க்யூ எல்லாம் ஓரத்தில் சின்னக் குழிகளில் கிடக்கும். கம்பாசிட்டர் கட்டத்தைப் பார்க்க மாட்டார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். வலது கை தானாகப் போய் எடுக்கும். இடது கையில் ஸ்டிக், கோக்கிற எழுத்துகளை வரிசையாகத் தாங்கும் சின்னத் தட்டு. ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடியில் பார்த்த மாதிரி நிற்கும். அந்த நிலையில் பந்து பி எது, நாய் டி எது, பேனா பி எது, க்யூ எது என்று தடுமாறாமல் இருப்பதற்கே ஒரு வருடம் ஆகும் என்பார் அப்பா.

“ஈ தீந்துபோச்சுன்னா வேலை நின்னுபோகும். முந்துன பாரத்தப் பிரிச்சாத்தான் அடுத்தது கோக்கலாம். இசட்டு மட்டும் வாங்குனபடியே கெடக்கும்.”

பாரம் என்பது அச்சுக்காகக் கோத்து முடித்த பக்கங்கள். பிரிப்பது என்று அவர் சொல்வது, அச்சடித்து முடிந்த பின் எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றாகத் திரும்ப அதனதன் கட்டத்தில் போடுவது. கோப்பதில் பாதிப் படிப்பு, பிரிப்பதில் பாதிப் படிப்பு. ஒரு சொல்லைக் கட்டுவதும் கலைப்பதும் அன்றாட வேலையாக இருந்த மனிதருக்கு, எந்த எழுத்து எதை ஒட்டி நிற்கும் என்பது விரலில் ஏறிவிட்டது. சொல்லின் பொருள் ஏறவில்லை. அதன் எலும்புக்கூடு ஏறிவிட்டது.

இதே கணக்கைத்தான் ஸ்கிராபிளை உண்டாக்கிய ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸும் போட்டார். அவர் நியூயார்க்கைச் சேர்ந்த கட்டடக்கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய் வீட்டில் இருந்தவர். செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கையால் எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்துதான் சில்லுகளின் பங்கீடும் புள்ளிகளும் வந்தன. 100 சில்லுகளில் ஈ மட்டும் 12. ஏ 9, ஐ 9, ஓ 8. இவற்றுக்கு ஒரு புள்ளிதான். க்யூவும் இசட்டும் ஆளுக்கு ஒன்று, 10 புள்ளி. ஜெ, எக்ஸ் ஒவ்வொன்று, 8 புள்ளி. 2 சில்லு வெற்று. எஸ் மட்டும் அவர் எண்ணியதைவிடக் குறைவாக, நான்கோடு நிறுத்திவிட்டார். இல்லாவிட்டால் ஆட்டம் முழுக்க எல்லாரும் பன்மை போட்டே பிழைத்துவிடுவார்கள். 1948-ல் ஜேம்ஸ் புருனோ என்பவர் ஆட்டத்துக்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். இந்தப் பங்கீட்டு அட்டையை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, “கேஸு மாதிரியே இருக்கே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரும் ஆட உட்கார்ந்தார்.

மோர்ஸ் தந்தியிலும் ஈ-க்கு ஒரே ஒரு புள்ளி, மர டி-க்கு ஒரே ஒரு கோடு. அடிக்கடி வருகிறவனுக்குக் குறுக்கு வழி, எப்போதாவது வருகிறவனுக்குச் சுற்று வழி. க்யூவை அடிக்க நான்கு தட்டு வேண்டும்.

அப்பா ஆடும் முறையைக் கவனித்தபோது ஒன்று தெரிந்தது. நான் கையில் இருக்கும் ஏழு எழுத்தை வைத்துக்கொண்டு தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். கடலில் வலை போடாமல் கையால் மீன் பிடிக்கிற வேலை அது. அவர் சொற்களை நினைக்கவே மாட்டார். முதலில் எழுத்துகளைச் சோடி சேர்ப்பார். எச் இருந்தால் அதைத் தனியாக வைக்காமல் சி, எஸ், மர டி, டபிள்யூ எது இருக்கிறது என்று பார்த்து அதன் பின்னால் நிறுத்துவார். சி-யும் கே-யும் இருந்தால் ஒட்டி வைத்துச் சொல்லின் வால் பக்கம் தள்ளுவார்; அந்த ஜோடியில் எந்த ஆங்கிலச் சொல்லும் தொடங்காது, பேக், லக், ராக் என்று முடியத்தான் செய்யும். ஐ, என், ஜி மூன்றும் வந்துவிட்டால் அவற்றை வலது ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு மீதி நான்கோடுதான் மல்லுக்கட்டுவார். ஏழெழுத்துச் சிக்கல் நாலெழுத்துச் சிக்கலாகிவிடும்.

நான் வி-யோடு திண்டாடிய அந்த ஆட்டத்துக்கே திரும்பி வருகிறேன். ஏ, ஈ, ஐ, எல், ஆர், வி, நாய் டி. ஈ-யும் நாய் டி-யும் சேர்ந்தால் இறந்தகாலம். அதைக் கடைசியில் ஒதுக்கினால் மிச்சம் ஏ, ஐ, எல், ஆர், வி. இந்த ஐந்தைக் கொஞ்சம் அசைத்தால் ரைவல். போட்டியாளன். ஒதுக்கியதைச் சேர்த்தால் 'ரைவல்ட்', ஏழு எழுத்தும் தீர்ந்தது. ஏழையும் ஒரே தடவையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். எனக்கு இது மறுநாள் காலையில் பால் காய்ச்சும்போது தோன்றியது. ராத்திரி 'டிரைவ்' போட்டதில் சந்தோஷப்பட்டுவிட்டேன். ஆனாலும் வழி பிடிபட்டுவிட்டது. சொல்லைத் தேடக் கூடாது, எழுத்தின் பக்கத்து வீட்டைத் தேட வேண்டும்.

“எழுத்துக்கும் பக்கத்து வீடு உண்டு தாயி. யார் கூட நிக்கும், எங்கிட்டு நிக்கும், அதப் பாரு” என்பது அப்பாவின் வாக்கு.

இதை யோசித்தபோதுதான் பள்ளியில் படித்த இலக்கணம் நினைவுக்கு வந்தது. நன்னூலில் மொழிமுதல் எழுத்துகள் 22, மொழியிறுதி எழுத்துகள் 24 என்று கணக்கே இருக்கிறது. எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்பதற்கு மெய்ம்மயக்கம் என்று தனிப் பகுதி. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்த பகுதி அது. ட, ற, ல, ள, ழ, ண, ன சொல்லுக்கு முதலில் வராது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தக் கண்ணோடு ஆங்கிலத்தைப் பார்த்தால் அங்கேயும் எழுதாத நன்னூல் ஒன்று இருக்கிறது. என்-னும் ஜி-யும் சேர்ந்த ஒலி நம் ங போலவே. சாங், கிங், ரிங் என்று முடியும். தொடங்கச் சொன்னால் மறுக்கும். நிரோட்டகம் என்று உதடு ஒட்டாமல் பாடும் செய்யுள்வகை வைத்திருந்த மொழி இது. ப, ம, வ போன்ற எழுத்துகள் இல்லாமல் சொல் தேடிப் பாட்டுக் கட்டினார்கள் என்றால், குறிப்பிட்ட எழுத்துகளுக்குள் சொல் தேடும் வித்தை நமக்குப் புதிதே இல்லை.

இந்த எழுதாத நன்னூலில் எனக்கு மிகவும் பிடித்த சூத்திரம் ஐ-யைப் பற்றியது. பையில் ஒன்பது ஐ இருக்கிறது. மூன்று நான்கு ஒரே கையில் வந்து சேர்ந்துவிட்டால் மூச்சு முட்டும். தூய ஆங்கிலச் சொல் ஐ-யில் முடிவது அபூர்வம். அந்த இடத்தில் ஒய் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐ-யில் முடிகிறவை பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தவை. அந்த வெளியூர்களில் நம் ஊரும் ஒன்று. ஆங்கில அகராதியைத் திறந்தால் இட்லி இருக்கிறது, ராகி இருக்கிறது, லுங்கி, வேட்டியின் வடக்குப் பெயரான தோத்தி, காக்கி, யோகி எல்லாம் இருக்கின்றன. எந்த ஊர்க்காரர் கையில் மூன்று ஐ வந்தாலும் இனி நம் அடுப்படிக்கும் துணிக்கடைக்கும் வந்துதான் ஆக வேண்டும். அப்பா முதல்முறை இட்லி போட்டபோது நான் செல்லாது என்று வாதாடினேன். அகராதியைப் பார்த்த பிறகு எழுந்து போய் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

க்யூவுக்கும் இதே கதை. யு இல்லாமல் க்யூ வராது என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். யு நான்குதான் இருக்கிறது. அது வரும்வரை 10 புள்ளிச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. முதல் உயிர்காப்பு, க்யூவும் ஐ-யும் மட்டும் சேர்ந்த ஈரெழுத்துச் சொல். 'சீ' என்று உச்சரிப்பு. சீன மருத்துவத்தில் உடம்புக்குள் ஓடும் உயிராற்றல். அடுத்து அரபியிலிருந்து வந்தவை: ஃபக்கீர், நிகாப், தலாக், கவ்வாலி. க்யூ, ஏ, நாய் டி, ஐ என்று ஒரு நாலெழுத்துச் சொல் இருக்கிறது. இஸ்லாமிய நீதிபதி என்று பொருள். இது தொலைதூரச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆட்டோவில் காஜிமார் தெருவைக் கடக்கும்போது பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அந்தக் காஜிதான் இவர். பிறந்ததிலிருந்து தெரிந்த தெருவுக்குள் ஒரு 10 புள்ளி இத்தனை நாள் ஒளிந்திருந்திருக்கிறது. ஜெ-யில் முடிகிற ஆங்கிலச் சொல் கேட்டாலும் ராஜ், ஹஜ், ஸ்வராஜ் என்று இந்தப் பக்கத்துச் சொற்கள்தான் கைகொடுக்கும்.

உயிரெழுத்தே வராத கைக்கு ஒய்தான் துணை. ஜிம், மித், லிங்க்ஸ், ரிதம். ரிதம் என்ற சொல்லின் ஆறு எழுத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யு ஒன்றுகூடக் கிடையாது. வேல்ஸ் மொழியிலிருந்து வந்த ஒரு சொல்லில் ஒய்கூட இல்லை: சி, டபிள்யூ, எம். 'கூம்' என்று சொல்ல வேண்டும்; மலைச்சரிவில் உள்ள பள்ளம். அந்த மொழியில் டபிள்யூ உயிரெழுத்து வேலை பார்க்கிறது.

ஆட வருகிற எல்லாரிடமும் நான் ஒன்றைச் சொல்வேன். நீளமான சொல்லுக்கு ஆசைப்படுவதற்கு முன் ஈரெழுத்துச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். உலகப் போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் 2019 பதிப்பின்படி அவை 127. தினக்காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அடுப்படி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். தோசை வேகிற நேரத்தில் ஒரு வரி. அந்த 127-ல் வி உள்ள சொல் ஒன்றுகூட இல்லை என்பதைப் பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். மொட்டை மாடியில் அப்பா சொன்ன வி மறுபடியும் நினைவுக்கு வந்தது. அதனால்தான் பலகையில் ஏற்கனவே இருக்கிற சொல்லுக்கு இணையாக ஒட்டி இன்னொரு சொல் போட்டு, குறுக்கே ஈரெழுத்துச் சொற்கள் உண்டாகும்போது வி முட்டுக்கட்டையாகிறது. அதே காரணத்துக்காக, எதிராளிக்கு வழி அடைக்க வேண்டுமென்றால் வி-யைக் கொண்டுபோய் அங்கே வைக்கலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழை நேரத்தில் எங்கள் ஜெ தொலைந்தது. மாடியிலிருந்து அவசரமாக எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இறங்கியபோது ஒரு சில்லு மழைத்தண்ணீர்க் குழாய்க்குள் உருண்டு போய்விட்டது. அப்பா பழைய மர ஸ்கேலை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே அளவில் ஒரு கட்டை செய்தார். பேனாவால் எழுதிக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பழக்கத்தில் கை திருப்பிப் போட்டு எழுதியிருந்தது. இடம் வலம் மாறின ஜெ கிட்டத்தட்ட நம் 'ட' மாதிரி இருக்கிறது. அவர் அழித்து எழுதுகிறேன் என்றார், நான் விடவில்லை. இப்போதும் அதுதான் எங்கள் ஜெ. பையில் கைவிட்டால் மரம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். போட்டிகளில் தடவிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே வழவழப்பான சில்லுகளை வைத்து ஆடுகிறார்கள். எங்கள் வீட்டில், தட்டுப்பட்டால் தேடிப் பிடித்து எடுக்கக் கூடாது, தள்ளியும் விடக் கூடாது, கையில் முதலில் வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்களே ஒரு முறை வைத்திருக்கிறோம்.

ஆங்கிலம் பேசத் தெரியாத அப்பா ஆங்கிலச் சொல்லாட்டத்தில் என்னை ஜெயிப்பதைச் சொந்தக்காரர்கள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு நான் நைஜல் ரிச்சர்ட்ஸைப் பற்றிச் சொல்வேன். நியூசிலாந்துக்காரர். ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலகச் சாம்பியன். 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டிக்குப் போனார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. ஒன்பது வாரம் உட்கார்ந்து பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு போய் ஜெயித்தார். 2024-ல் ஸ்பானிஷிலும் அப்படியே. பொருள் தெரிந்தால்தான் சொல் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். வடிவத்தால் சொந்தம் கொண்டாடுகிறவர்களும் உண்டு. அப்பா அந்த வகை. கோத்த சொற்களின் பொருளைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை இல்லாமலா இருந்தது? கேட்க ஆளில்லை, நேரமும் இல்லை. இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அன்றைக்கு விழுந்த சொற்களுக்கு என்னிடம் பொருள் கேட்கிறார். நாற்பது வருடத்துக்கு முன்னால் பில் புக்கில் கோத்த ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொண்ட அன்று, “அதானா அது” என்று ரொம்ப நேரம் சிரித்த முகமாக இருந்தார்.

என் வேலை மென்பொருள். அதனால் ஒரு வார விடுமுறையில் சொல் தேடும் நிரல் ஒன்று எழுதிப் பார்த்தேன். தந்திரம் எளிமையானது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி அதையே சாவியாக வைத்துக்கொள்ள வேண்டும். லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல் நான்கையும் அடுக்கினால் ஈ, ஐ, எல், என், எஸ், மர டி என்று ஒரே சாவி வரும். நாம் தரும் எழுத்துகளையும் அப்படியே அடுக்கி அந்தச் சாவியைத் திறந்தால் நான்கும் ஒன்றாக வந்து விழும். இடம் தெரிந்த தேடலுக்கு இன்னொரு வழி: தெரியாத இடத்தில் புள்ளி, தெரிந்த இடத்தில் எழுத்து. ஐந்தெழுத்து, மூன்றாவது வி என்றால் இரண்டு புள்ளி, வி, இரண்டு புள்ளி. கண் மூடித் திறப்பதற்குள் பட்டியல் நிற்கும்.

அப்பாவிடம் காட்டினேன். சாவி விஷயத்தை உடனே பிடித்துக்கொண்டார். “பிரிச்சு கேஸ்ல போட்ட மாதிரி” என்றார். அதேதான். ஒரு சொல்லைப் பிரித்துக் கட்டங்களில் போட்டுவிட்டால் அது எந்தச் சொல்லாக இருந்தது என்பது மறைந்து, என்னென்ன சொல்லாக ஆகலாம் என்பது மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் ஆட்டத்துக்கு நடுவில் அந்த நிரலைத் திறக்க அவர் சம்மதிக்கவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான். ஆட்டம் முடிந்த பிறகு திறந்து, எதையெல்லாம் தவறவிட்டோம் என்று பார்ப்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. தவறவிட்ட சொல் மறப்பதில்லை. தேடாமல் கிடைத்த சொல் மறுநாள் நினைவில் இருப்பதில்லை. பட்டியலாக வந்து விழுந்த நூறு சொல்லில் ஒன்றுகூட என் மனத்தில் தங்கியதில்லை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு ஸ்கிராபிளில் பொறுமை இல்லை, செல்போனில் ஆடும் 'வேர்டில்' என்ற ஆட்டம்தான் பிடிக்கும். மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க ஆறு முயற்சி. எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் இருந்தும் இடம் மாறியிருந்தால் மஞ்சள். ஜோஷ் வார்டில் என்ற மென்பொறியாளர் தன் துணைவி பலக் ஷாவுக்காகச் செய்த ஆட்டம் அது. ஐந்தெழுத்துச் சொற்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருக்க, அதில் நாலு பேருக்குத் தெரிந்தவற்றை மட்டும் சலித்து ஏறக்குறைய 2,300 ஆக்கித் தந்தவர் அந்தப் பெண்தான். 2021 அக்டோபரில் வெளியானது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது.

போன வாரம் ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு வந்து தாத்தா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். முதல் சொல் அடியூ. ஐ மட்டும் மஞ்சள். இரண்டாவது பைலட், ஐ இரண்டாம் இடத்தில் பச்சை, கடைசி மர டி பச்சை. மூன்றாவது நைட், ராத்திரி நைட். முதல் எழுத்து தவிர நான்கும் பச்சை. சந்தோஷத்தில் குதித்தாள். அப்புறம் முகம் மாறிவிட்டது. ஃபைட், ரைட், மைட், சைட், டைட். ஐந்து சொல் நிற்கிறது, முயற்சி மூன்றுதான் பாக்கி. சைட் போடப் போனவளை அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒவ்வொரு வீடாப் போய்த் தட்டிக்கிட்டிருந்தா விடிஞ்சிரும் கண்ணு. பச்சைய விடு. இந்த அஞ்சு பேர்ல நாலு பேரும் ஒரே வீட்ல இருக்க மாதிரி ஒரு வார்த்தை போடு.”

“அப்படி இருக்கா தாத்தா?”

அவர் கொஞ்ச நேரம் விரல்களைத் தொடைமேல் தட்டிக்கொண்டிருந்தார். எஃப், ஆர், எம், எஸ். நடுவில் ஓர் உயிர் வேண்டும்.

“ஃபார்ம்ஸ்.”

அவள் போட்டாள். எம் மட்டும் மஞ்சளானது. இனி மைட்டைத் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. ஆனால் அவள் அதைப் போடாமல் தாத்தாவைப் பார்த்தாள்.

“ஃபார்ம்ஸ்னா என்ன தாத்தா? ஸ்கூல்ல ஃபில்லப் பண்ணச் சொல்வாங்களே, அதுவா?”

“அதுவுந்தான். எங்க வேலையில பாரம்னா வேற” என்று அப்பா கட்டிலில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கோத்த பக்கங்களை இரும்புச் சட்டத்துக்குள் வரிசையாக வைப்பது, சுற்றிலும் மரக்கட்டை கொடுத்து நெருக்குவது, சாவி போட்டு முடுக்குவது, முடுக்கினதை ஒரு ஓரமாக மெல்லத் தூக்கி, எந்த எழுத்தாவது ஆடுகிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது. ஒரு எழுத்து லூசாக இருந்தாலும் தூக்கும்போது அது விழும், அதோடு பக்கத்தில் நிற்பதும் விழும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் இல்லாத ஒரு சட்டத்தைப் பிடித்துத் தூக்கினார். மகளும் குனிந்து, அதன் அடியில் ஏதாவது விழுகிறதா என்று பார்த்தாள். செல்போன் திரை எப்போதோ அணைந்துவிட்டது. ஐந்தாவது வரி இன்னும் காலியாக இருந்தது.